பாடக்குறிப்பைப் பிள்ளைகளிடமிருந்து காப்பாற்றுவது எப்படி?

பி.எட். இரண்டாம் ஆண்டுக்கு வந்துவிட்டீர்கள். இனி 16 வாரம் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சிங் பிராக்டிஸ். ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவில் நாற்பத்துச் சொச்சம் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்கு எதையாவது புரியவைத்தாக வேண்டுமே என்று இப்போதே வயிற்றைக் கலக்கும். கலங்க வேண்டாம். பிள்ளைகளுக்குப் புரிந்ததா என்று உங்களிடம் கேட்கப் போகிறவர்கள் சொற்பம். பாடக்குறிப்பு எழுதியாகிவிட்டதா என்று கேட்கப் போகிறவர்களோ ஏராளம்.

முன்பெல்லாம் பி.எட். ஒரு வருடப் படிப்பு. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014இல் விதிகளை மாற்றி, 2015 முதல் அதை இரண்டு வருடமாக்கியது. பள்ளியில் இருக்க வேண்டிய காலமும் மொத்தம் 20 வாரம் ஆயிற்று. முதல் ஆண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. ஆசிரியராகப் போகிறவர் பிள்ளைகளோடு கூடுதல் நாள் பழகட்டும் என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான். கூடுதல் நாளோடு கூடுதல் நோட்டும் சேர்ந்து வந்தது.

இந்த வழிகாட்டி அந்த நோட்டுக்காக எழுதப்படுகிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். மதிப்பெண்ணுக்கு உதவும். சொல்லியபடி செய்தால் உங்கள் பாடக்குறிப்பு ஒரு கீறல் விழாமல் கல்லூரிக்குத் திரும்பி வரும்.

நோட்டு தயாரிப்பு

பழுப்பு அட்டை போட்டு லேபிள் ஒட்டுங்கள். ஓரக்கோடு சிவப்பில், தலைப்பு ஊதா ஸ்கெட்ச் பேனாவில். பச்சை மையைத் தொடவே வேண்டாம். அது ஹெச்.எம். கையெழுத்துக்கு உரியது, அதில் கைவைத்தால் முதல் நாளே பகை. படம் வரைய வராதென்றால் வரையத் தெரிந்த தோழியைப் பிடியுங்கள். விடுதிக்கு ஒரு ஓவியக்காரி இருந்தால் போதும், நாற்பது நோட்டிலும் ஒரே இலைத்துளை ஒரே அழகோடு திறந்திருக்கும்.

உள்ளே என்ன எழுதுவது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. சீனியர் அக்காவிடம் நோட்டு இருக்கும். அவர் அதைத் தன் சீனியரிடம் வாங்கியிருப்பார். 2018, 2019இல் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் மாறியபோது மட்டும் இந்தப் பரம்பரைச் சொத்துக்குச் சிறு சேதம் ஏற்பட்டது. பிறகு யாரோ ஒரு புண்ணியவதி புதிய புத்தகத்துக்கும் எழுதிவிட்டார். இப்போது வாட்ஸ்அப்பில் பிடிஎஃப்பாகவே வருகிறது.

ஒரே ஒரு எச்சரிக்கை. அக்கா நவம்பரில் பாடம் நடத்தியவர். நீர்ச் சுழற்சிக்கு அவர் எழுதிய முதல் வினா: 'இப்போது வெளியே என்ன பெய்துகொண்டிருக்கிறது?' அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய் மார்ச் மாதத்தில் கேட்காதீர்கள்.

நோக்கங்களை எழுதுதல்

முதல் பக்கத்தில் நோக்கங்கள் வர வேண்டும். அறிவு, புரிதல், பயன்படுத்துதல், திறன் என்று நான்கு தலைப்பு. ஒவ்வொன்றின் கீழும் நான்கைந்து குறிப்பீடுகள். 'மாணவர் அறிந்துகொள்கிறார்' என்று எழுதினால் அடிப்பார்கள். அறிவது கண்ணுக்குத் தெரியாது. கண்ணால் பார்த்து அளக்கக்கூடிய நடத்தையாக இருக்க வேண்டும் என்று ராபர்ட் மேகர் என்ற அமெரிக்கர் 1962இலேயே புத்தகம் எழுதி நிலைநாட்டிவிட்டார். ஆகவே மாணவர் நினைவுகூர்கிறார், அடையாளம் காண்கிறார், வேறுபடுத்துகிறார், படம் வரைந்து பாகம் குறிக்கிறார். இத்தனையும் 40 நிமிடத்தில், அதிலும் வருகைப் பதிவுக்கு ஐந்து நிமிடம் போக.

இந்த அடுக்குகளுக்கெல்லாம் மூலவர் பெஞ்சமின் புளூம். 1956இல் அவர் தலைமையில் வெளிவந்த வகைப்பாட்டு நூலைத் தயாரித்தவர்கள், அமெரிக்கக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் தேர்வு நடத்துகிறவர்கள். தேர்வு வினாக்களை வகைபிரித்துத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ள அவர்களுக்கு ஒரு பொது மொழி தேவைப்பட்டது. கேள்வித்தாள் தயாரிப்பவர்களின் வசதிக்காகப் பிறந்த அடுக்கு, நம் ஊரில் பாடம் நடத்துவதற்கு முந்தைய இரவு எழுதும் மந்திரமாகிவிட்டது. 2001இல் அதைத் திருத்தி, 'உருவாக்குதல்' என்பதை உச்சியில் வைத்தார்கள். நீங்களும் கடைசி வரியில் 'மாணவர் புதியன உருவாக்குகிறார்' என்று சேர்த்துவிடுங்கள். என்ன உருவாக்குகிறார் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

ஆர்வமூட்டல்

பாடத்தின் தலைப்பை நீங்கள் சொல்லக்கூடாது. பிள்ளைகள் வாயிலிருந்து வர வேண்டும். இது சடங்கு. ஹெர்பார்ட் என்ற ஜெர்மானிய அறிஞர் 1841இல் காலமாகிவிட்டார். அவர் சொன்ன நான்கு படிகளை ஸில்லர், ரைன் போன்ற அவர் வழிவந்தவர்கள் ஐந்தாக்கினார்கள். ஆயத்தம், எடுத்துரைத்தல், ஒப்பிடல், பொதுமையாக்கல், பயன்படுத்தல். அந்த ஐந்து படிகளும் ஐரோப்பாவில் பழம்பொருளாகி வெகுகாலமாயிற்று. நம் நோட்டுகளில் இன்னும் இளமையாக இருக்கின்றன. பழையது மனத்தில் இருந்தால்தான் புதியது அதில் போய் ஒட்டும் என்பது ஹெர்பார்ட்டின் கருத்து. பிள்ளை மனத்தில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று விசாரிப்பதற்கான படி அது. நம் கைக்கு வரும்போது விடுகதையாகிவிட்டது.

ஒளிச்சேர்க்கைக்கான ஆர்வமூட்டல் எல்லா நோட்டிலும் இப்படித்தான் இருக்கும்:

'நாம் உயிர்வாழ எது தேவை?' உணவு.
'உணவை நாம் எங்கே தயாரிக்கிறோம்?' சமையலறையில்.
'தாவரங்கள் உணவை எங்கே தயாரிக்கின்றன?' இலையில்.
'அதற்கு எது தேவை?' சூரிய ஒளி.
'மிகவும் நன்று. ஆகவே இன்று நாம் படிக்கவிருப்பது...'

வகுப்பில் நடப்பது கொஞ்சம் வேறு. உணவை எங்கே தயாரிக்கிறோம் என்ற கேள்விக்கு 'அம்மா உணவகத்துல மிஸ்' என்பான் ஒருவன். வகுப்பு சிரிக்கும். இன்னொருத்தி சிரிக்காமல், 'நான் இன்னிக்குச் சாப்பிடாம வந்துட்டேன் மிஸ்' என்பாள். அவளுக்குக் குறிப்பில் இடம் கிடையாது. மூன்றாவது வினாவுக்குப் போய்விடுங்கள்.

இந்தப் பாடத்தில் உண்மையான ஆபத்து நான்காவது வினாவுக்குப் பிறகு வரும். நீங்கள் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருப்பீர்கள். ஜன்னலோரத்தில் ஒருவன் பள்ளிக்கூட வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பான்: 'மிஸ், இம்மாம் பெரிய மரம் மண்ணச் சாப்பிட்டுத்தானே வளந்துச்சு? அப்ப மரத்தச் சுத்தி ஏன் பள்ளம் விழல?'

இந்தக் கேள்விக்குக் கிட்டத்தட்ட 400 வயது. ஃபான் ஹெல்மான்ட் என்பவர் 200 பவுண்டு உலர்ந்த மண்ணைத் தொட்டியில் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, ஐந்து ஆண்டு தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டுக்கு மேல் வளர்ந்தது. மண்ணில் குறைந்தது வெறும் 2 அவுன்ஸ் அளவு. மரம் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். அவர் இறந்தபின் 1648இல் வெளியான நூலில் இது இருக்கிறது. பாதிதான் சரி. மரத்தின் உலர்ந்த எடையில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத காற்றிலிருந்து, கார்பன் டை ஆக்ஸைடிலிருந்து வருகிறது. இந்த ஒரு விஷயம் உறைத்துவிட்டால் நீங்கள் கரும்பலகையில் எழுதிய சமன்பாட்டுக்கு உயிர் வந்துவிடும். பையன் உங்கள் பாடத்தின் நடு ஆணியைத் தொட்டுவிட்டான்.

அதனால்தான் அவனை உடனே உட்காரச் சொல்ல வேண்டும். 'நல்ல கேள்வி, அடுத்த வகுப்பில் பார்க்கலாம்' என்பது அங்கீகரிக்கப்பட்ட வாக்கியம். குறிப்பில் இன்னும் 'தொகுத்தல்', 'மதிப்பீடு', 'வீட்டுப்பாடம்' என்று மூன்று தலைப்பு பாக்கி. மணி அடிப்பதற்குள் மூன்றையும் முடித்தாக வேண்டும். அடுத்த வகுப்பில் தனிம வரிசை அட்டவணை.

துணைக்கருவி

சார்ட் ஒன்று போதும். தெர்மாகோல் மாதிரி இருந்தால் கூடுதல் மதிப்பெண். மின்விளக்கு எரிந்தால் இன்னும் கூடுதல். கடைசிப் பெஞ்சிலிருந்து சார்ட்டில் உள்ள எழுத்து தெரியுமா என்பது துணைக்கருவிக்கான அளவுகோலில் இல்லை.

நுண்ணிலைக் கற்பித்தலில் ஒத்திகை

பள்ளிக்குப் போகும் முன் கல்லூரியிலேயே ஒத்திகை உண்டு. 1960களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ட்வைட் ஆலனும் அவர் குழுவினரும் தொடங்கிவைத்த முறை. இந்திய வடிவத்தில் ஒரு சுற்றுக்கு 36 நிமிடம்: 6 நிமிடம் கற்பித்தல், 6 நிமிடம் பின்னூட்டம், 12 நிமிடம் மறுதிட்டமிடல், மறுபடி 6, மறுபடி 6. ஒரு நேரத்தில் ஒரு திறனை மட்டும் எடுத்துத் தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்வது. யோசனை அருமையானது. குறிப்பாக நடுவில் இருக்கும் அந்த 12 நிமிடம், செய்த தவறைப் பார்த்துவிட்டுத் திட்டத்தை மாற்றுவதற்கென்றே ஒதுக்கியது.

நடைமுறையில் நேரம் போதாதபோது முதலில் வெட்டப்படுவது அந்த 12 நிமிடம். மாணவர்களாக உட்கார்ந்திருப்பவர்களும் உங்கள் வகுப்புத் தோழர்கள்தான். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளாக நடிக்க வேண்டிய எம்.எஸ்சி. பட்டதாரிகள். கிளர்வினாத் திறனுக்கு நீங்கள் கேட்கும் கேள்விக்கெல்லாம் கிளறாமலேயே பதில் வந்துவிடும். உங்களுக்கு அவர்கள் இடைஞ்சல் செய்யமாட்டார்கள், அடுத்து அவர்கள் முறை வருகிறதல்லவா.

மாணவர் பத்தி

பாடக்குறிப்பின் நடுப்பகுதியில் பத்திகள் உண்டு. இடப்பக்கம் பாடப்பொருள், அடுத்து ஆசிரியர் செயல்பாடு, அதற்கடுத்து மாணவர் செயல்பாடு. இந்தக் கடைசிப் பத்தியை நிரப்புவதுதான் கலை. நீங்கள் இன்னும் சந்தித்திராத நாற்பது பேர் நாளை காலை பத்தே முக்கால் மணிக்கு என்ன செய்வார்கள் என்பதை இரவு பதினொன்றரைக்கு விடுதி வராந்தாவில் உட்கார்ந்து எழுத வேண்டும். பயப்படாதீர்கள். மூன்றே வினைச்சொல் போதும்: கவனிக்கின்றனர், விடையளிக்கின்றனர், குறிப்பெடுக்கின்றனர். மேலிருந்து கீழாக இதே வரிசையில் மாறி மாறி எழுதிக்கொண்டே போங்கள். 'எதிர்பார்க்கப்படும் விடை' என்ற இடத்தில் சரியான விடையை மட்டும் எழுதுங்கள். தவறான விடையைப் பாடக்குறிப்பில் எழுதுவது அபசகுனம்.

ஜப்பானியர்களுக்கு இந்த நாகரிகம் தெரியாது. அங்கே ஜுக்யோ கென்க்யூ என்று ஒரு வழக்கம். ஒரு பள்ளியின் ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார்ந்து ஒரே ஒரு பாடத்துக்கு வாரக்கணக்கில் திட்டம் போடுவார்கள். ஒருவர் அதை நடத்த, மற்றவர்கள் வகுப்பில் நின்று பார்ப்பார்கள். அவர்கள் பார்ப்பது ஆசிரியரை அல்ல, பிள்ளைகளின் நோட்டை. அந்தத் திட்டத்தில் பிள்ளைகள் என்னென்ன சொல்லக்கூடும் என்பதற்குத் தனிப் பத்தி உண்டு. சரியானது, அரைகுறையானது, முழுத்தவறு எல்லாவற்றையும் அதில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர் என்ன செய்வார் என்று பக்கத்திலேயே குறிப்பார்கள். கரும்பலகை கடைசியில் எப்படித் தெரிய வேண்டும் என்பதற்குக்கூட வரைபடம் உண்டு. 1999இல் ஸ்டிக்லரும் ஹீபர்ட்டும் எழுதிய நூல் ஒன்றால் இது உலகெங்கும் பரவிவிட்டது. நம் பயிற்சிக் கல்லூரிகளில் இந்த வழக்கத்தைப் பற்றிப் பாடம் உண்டு. ஐந்து மதிப்பெண் வினாவாக வரும்.

இப்படிப்பட்ட பத்தியை நீங்களும் எழுத ஆரம்பித்தால் என்ன விபரீதம் நேரும் என்று ஒரு உதாரணத்தில் காட்டிவிடுகிறேன்.

ஏழாம் வகுப்பு, தசம எண்கள். 0.3, 0.25 இரண்டில் எது பெரியது? நோட்டில் எதிர்பார்க்கப்படும் விடை 0.3. வகுப்பில் கேட்டதும் கணிசமானவர்கள் 0.25 என்று கத்துவார்கள். மூன்றைவிட இருபத்தைந்து பெரியது. ஆறு வருடமாக முழு எண்களில் அவர்களை ஏமாற்றாத விதி அது. அதற்குள் ஒருத்தி கைதூக்கி '0.3 மிஸ்' என்பாள். நீங்கள் 'வெரி குட், எல்லாரும் கைதட்டுங்க' என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகலாம். வழிகாட்டியின் பரிந்துரை அதுதான்.

வாய் தவறி 'ஏன்மா?' என்று கேட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். 'புள்ளிக்கு அப்புறம் ஒரு நம்பர்தான் இருக்கு மிஸ். ஒரு நம்பர்னா பத்துல பங்கு, ரெண்டு நம்பர்னா நூறுல பங்கு. நூறாப் பிரிச்சா துண்டு சின்னதாயிடும்ல. அதனால ஒரு நம்பர்தான் எப்பவும் பெரிசு.' யோசனை பாதிவரை அழகாக வந்து பாதியில் வழுக்கிவிட்டது. துண்டு சிறியது சரி, எத்தனை துண்டு என்பதை அவள் பார்க்கவில்லை. அவளிடம் 0.45, 0.3 என்ற ஜோடியைக் கொடுத்தால் அதிலும் 0.3தான் பெரிசு என்பாள். முன்பு கத்திய பையன்களோ இந்த ஜோடியில் 0.45 என்று சரியாகச் சொல்வார்கள், தப்பான காரணத்தோடு. ஒரே ஜோடியைக் கொடுத்தால் எப்போதும் யாரோ ஒரு தரப்பு தப்பித்துக்கொள்ளும். இரண்டு ஜோடியையும் அடுத்தடுத்துக் கொடுத்தால்தான் யார் எங்கே நிற்கிறார் என்பது வெளியே வரும்.

அடுத்து, விளக்க எதை எடுப்பது? சீனியர் நோட்டில் ரூபாய், காசு இருக்கும். 0.25 ரூபாய் என்றால் நாலணா என்று விளக்கியிருப்பார்கள். 25 காசு நாணயம் 2011 ஜூன் 30உடன் செல்லாமல் போய்விட்டது. இப்போது ஏழாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை அதைக் கடையில் கொடுத்து மிட்டாய் வாங்கியதே கிடையாது. மீட்டர் அளவுகோல் உதவும். 0.3 மீட்டர் என்பது 30 சென்டிமீட்டர், 0.25 மீட்டர் என்பது 25. பிள்ளையையே கூப்பிட்டு விரலை வைக்கச் சொல்லலாம்.

இத்தனையையும் முந்தின நாளே யோசித்து, இரண்டு ஜோடி எண், எதிர்பார்க்கும் இரண்டு தவறு, கையில் ஒரு மீட்டர் அளவுகோல் என்று நோட்டில் எழுதினால் அரைப்பக்கம் வரும். அதுவும் பாடக்குறிப்புதான். ஆனால் அரைப்பக்கத்துக்கு யார் கையெழுத்துப் போடுவார்? நோக்கங்களே ஒன்றரைப் பக்கம் போகிற ஊரில் இது எடுபடாது. அதோடு, இப்படித் திட்டமிட்டால் வகுப்பு நன்றாக நடந்துவிடும் அபாயமும் இருக்கிறது. பிள்ளைகள் உங்களைப் பார்த்ததும் கேள்வி கேட்க ஆரம்பிப்பார்கள். குறிப்பு பாதியில் நிற்கும். பாடக்குறிப்பு கெட்டுப்போக இதைவிட வேறு வினை வேண்டியதில்லை.

கைடு டீச்சரைப் பார்த்துக் கெட்டுப்போகாதீர்கள்

உங்களுக்கு வழிகாட்டும் பாட ஆசிரியர் இருபது வருடமாக அதே பாடத்தை நடத்துகிறவர். சாக்பீஸும் துண்டுச்சீட்டுமாக வகுப்புக்குள் போவார், பிரமாதமாக நடத்திவிட்டு வருவார். அதைப் பார்த்து, குறிப்பே வேண்டாம் போல என்று நீங்களும் வெறுங்கையோடு போனால் பதினெட்டாவது நிமிடத்தில் சொல்ல ஒன்றும் இருக்காது. மிச்ச நேரம் 'அமைதி, அமைதி' என்று மேசையைத் தட்ட வேண்டியதுதான். அந்த அம்மாவின் துண்டுச்சீட்டுக்குப் பின்னால், எந்தக் கணக்கில் எந்த மாதிரிப் பிள்ளை சறுக்குவான் என்று இருபது வருடத்துக் குறிப்பு தலைக்குள் இருக்கிறது. அவரிடம் கேட்டுப் பார்க்கலாம். தேநீர் இடைவேளையில் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். அதை நோட்டில் எழுத மட்டும் கட்டம் இல்லை.

ஆராய்ச்சியாளர்களிடமிருந்து தள்ளியிருங்கள்

நல்ல பாடக்குறிப்பு எழுதுகிறவர் நல்ல ஆசிரியராக இருப்பாரா என்று சிலர் உண்மையிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் முடிவுகள் நோட்டின் கௌரவத்துக்கு உகந்தவை அல்ல.

அமெரிக்காவில் ஜான் ஸாஹோரிக் என்பவர் 1970இல் ஒரு வேலை செய்தார். பன்னிரண்டு ஆசிரியர்களில் பாதிப் பேருக்கு இரண்டு வாரம் முன்பே கிரெடிட் கார்டு பற்றிப் பாடம் எடுக்கச் சொல்லி, நோக்கங்களும் பாடச் சுருக்கமும் கொடுத்தார். மீதிப் பேரிடம் ஒரு மணி நேரத்தை ஒதுக்கிவைக்க மட்டும் சொல்லி, வகுப்புக்குச் சற்று முன்னால் தலைப்பைச் சொன்னார். பதிவுசெய்து பார்த்தால், திட்டத்தோடு போனவர்கள்தான் பிள்ளைகள் சொல்லும் யோசனைகளைக் குறைவாகக் காதில் வாங்கியிருந்தார்கள். போக வேண்டிய ஊர் முன்பே முடிவானபின் வழியில் கைகாட்டுகிறவர்களுக்கு வண்டி நிற்காது.

1978இல் பீட்டர்சன், மார்க்ஸ், கிளார்க் மூவரும் அனுபவமுள்ள ஆசிரியர்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே திட்டமிடச் சொன்னார்கள். பெரும்பகுதி யோசனை பாடப்பொருளைப் பற்றி, அடுத்து எப்படி நடத்துவது என்பதைப் பற்றி. நோக்கங்களைப் பற்றி யோசித்ததுதான் எல்லாவற்றிலும் குறைவு. நாம் முதல் பக்கத்தில் ஊதா ஸ்கெட்சில் எழுதும் அதே நோக்கங்கள். 1989இல் போர்கோவும் லிவிங்ஸ்டனும் கணிதப் பயிற்சி ஆசிரியர்களை அவர்களுடைய வழிகாட்டி ஆசிரியர்களோடு வைத்துப் பார்த்தார்கள். மூத்தவர்கள் பிள்ளையின் கேள்வியோடு ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பாடத்துக்குத் திரும்பி வந்தார்கள். புதியவர்கள் கேள்வியின் பின்னால் போனால் வழிதெரியாமல் நின்றார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டுத் திட்டமே வீண் என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம். வழிதெரியாமல் நின்ற புதியவர்களிடம் திட்டம் இருந்தது. தாங்கள் என்ன பேசுவோம் என்பதற்கான திட்டம். பிள்ளை என்ன பேசும் என்பதற்கு இல்லை.

மேற்பார்வையாளர் வரும் நாள்

முன்கூட்டியே தெரிந்துவிடும். வாட்ச்மேன் சொல்வார், இல்லையென்றால் ஹெச்.எம். அறையில் தட்டில் பிஸ்கட் தெரியும். முந்தின நாள் நடத்திய பாடத்தையே மறுபடி நடத்துங்கள். பிள்ளைகள் ஒத்துழைப்பார்கள். இந்த விஷயத்தில் அவர்களைப் போல நல்லவர்கள் கிடையாது. தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை தூக்குங்கள் என்ற பழைய ஏற்பாட்டை நீங்கள் சொல்லக்கூடத் தேவையில்லை, போன பேட்ச் பயிற்சி ஆசிரியர் சொல்லிக்கொடுத்திருப்பார். 'நம்ம மிஸ்ஸுக்கு மார்க் போடறாங்கடா' என்று அவர்களே கூடிப் பேசி, முதல் முறை கேட்பதுபோல் அந்தப் பாடத்தைக் கேட்பார்கள்.

வருகிறவர் பத்து நிமிடம் பின்வரிசையில் உட்காருவார். பிள்ளைகளின் நோட்டைத் திறந்து பார்ப்பது அபூர்வம். உங்கள் நோட்டைத் திறப்பார், பொருளடக்கத்தில் பக்க எண் விட்டுப்போனதைக் கண்டுபிடிப்பார். 'கரும்பலகையில் தேதி எழுதவில்லை' என்பார். அதற்கு அரை மதிப்பெண் போகும். வாதாட வேண்டாம். அவருக்கு அன்றைக்கு இன்னும் மூன்று பள்ளிக்கூடம் பாக்கி, ஒன்றுக்குப் பேருந்தே கிடையாது. அவர்மேலும் பரிதாபப்படுங்கள்.

மீள்நோக்கு

ஒவ்வொரு பாடத்தின் கீழும் 'பாடம் எப்படி நடந்தது' என்று எழுத ஒரு பெட்டி இருக்கும். 'பாடம் சிறப்பாக நடைபெற்றது. மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர். நோக்கங்கள் நிறைவேறின.' பாடத்தை நடத்துவதற்கு முன்பே எழுதிவிட்டால் இரவு வேலை மிச்சம்.

பயிற்சிக் கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறேன். நோட்டில் புதிய பத்தி எதையும் சேர்த்துவிடாதீர்கள், இருக்கிற பத்திகளே அதிகம். நோக்கங்களை நான்கு வரியில் முடிக்கச் சொல்லுங்கள். மாணவர் செயல்பாடு என்ற இடத்தில் 'கவனிக்கின்றனர்' என்று எழுதி வரும் நோட்டை மட்டும் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுங்கள். எந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் என்ன தவறாகச் சொல்வார்கள், சொன்னால் நீ என்ன செய்வாய் என்று இரண்டே வரி எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். பாடம் முடிந்தபின் அந்த இரண்டு வரியை வைத்துப் பத்து நிமிடம் பேசுங்கள். அட்டை என்ன நிறத்தில் இருந்தாலும் பரவாயில்லை.